மணிக்கூட்டுக்கு இரண்டரை, சூரியனுக்கு ஒன்றரை

“அங்க இப்ப எத்தினை மணி?”

பருத்தித்துறையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இந்தக் கேள்வியில்தான் தொடங்கும். பதில் இலகுவானது. இங்குள்ள நேரத்தோடு இரண்டரை மணித்தியாலத்தைக் கூட்டிக்கொண்டால் போதும். இங்கே காலை 6 என்றால் அங்கே 8.30. இங்கே இரவு 9.30 என்றால் அங்கே நள்ளிரவு 12, திகதியும் மாறிவிடும். இவ்வளவும் கைபேசியே காட்டிவிடும்.

அது காட்டாத கணக்கு ஒன்று உண்டு. சிங்கப்பூரின் உச்சியில் நின்ற சூரியன் பருத்தித்துறையின் உச்சிக்கு வர இரண்டரை மணித்தியாலம் எடுப்பதில்லை. ஒரு மணித்தியாலமும் 34 நிமிடமும் போதும். மிகுதி 56 நிமிடமும் அரசாங்கங்கள் சேர்த்த கணக்கு. இந்த 56 நிமிடம் எங்கிருந்து வந்தது, இரண்டு ஊர்களின் அன்றாடத்தில் அது என்ன செய்கிறது என்பதுதான் இங்கே விளக்க வேண்டிய விடயம்.

முதலில் சூரியன் பக்கத்துக் கணக்கு. பூமி தன்னைத்தான் ஒருமுறை சுற்ற 24 மணித்தியாலம். 360 பாகையை 24ஆல் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். பருத்தித்துறை ஏறக்குறைய கிழக்கு 80 பாகை 14 கலையில் இருக்கிறது. சிங்கப்பூர் ஏறக்குறைய 103 பாகை 50 கலையில். இடைவெளி 23 பாகை 36 கலை. நாலால் பெருக்கினால் 94 நிமிடம் வரும். இந்தக் கணக்கை எந்த அமைச்சரவையும் மாற்ற முடியாது.

இடையில் ஒரு விடயம். சென்னையும் ஏறக்குறைய இதே 80 பாகை 14 கலையில்தான் இருக்கிறது. பருத்தித்துறை முனையிலிருந்து நேர் வடக்கே கோடு கிழித்துக்கொண்டு போனால் அது சென்னை நகரத்துக்குள் போய் ஏறும். இரண்டு இடத்திலும் உச்சிப்பொழுது ஒன்றே. 1792இல் கிழக்கிந்தியக் கம்பனி சென்னையில் அமைத்த வானியல் ஆய்வகத்தை வைத்துக் கணித்த ‘மெட்ராஸ் நேரம்’ கிரீனிச்சுக்கு 5 மணித்தியாலம் 21 நிமிடம் 14 வினாடி முன்னே நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்திய ரயில்கள் அந்த நேரத்தில்தான் ஓடின. நிழலைப் பார்த்து நேரம் சொன்ன பருத்தித்துறைக்காரர்கள், தெரியாமலே மெட்ராஸ் நேரத்தில் வாழ்ந்திருக்கிறார்கள்.

இனி மணிக்கூடு. ஊருக்கு ஒரு நேரம் என்று இருந்ததை ரயிலும் தந்தியும் சேர்ந்து ஒழித்தன. ஒவ்வொரு நாடும் ஒரு தீர்க்கரேகையைத் தெரிவுசெய்து, அதன் நேரமே நாடு முழுவதற்கும் என்று வைத்துக்கொண்டது. இலங்கையும் இந்தியாவும் 1906 முதல் 82 அரைப் பாகையைப் பிடித்துக்கொண்டன. அந்தக் கோடு இலங்கைத் தீவைத் தொடுவதே இல்லை. கிழக்கே வங்கக் கடலுக்குள் போகிறது. அதனால் எங்கள் மணிக்கூடு சூரியனைவிட 9 நிமிடம் முந்தி ஓடுகிறது. பருத்தித்துறையில் சராசரி உச்சிப்பொழுது பகல் 12 மணி 9 நிமிடம். ஆண்டுக்குள் இது சற்று முன்பின்னாகும்: நவம்பர் தொடக்கத்தில் 11.53, பெப்ரவரி நடுவில் 12.23. ஆனால் ‘பன்னிரண்டு மணி வெயில்’ என்று எங்களூரில் சொன்னால் அது உண்மையாகவே தலைக்கு மேல் நிற்கும் வெயில்.

சிங்கப்பூரின் மணிக்கூடு 120ஆம் பாகையைப் பார்த்து ஓடுகிறது. அந்தக் கோடு பிலிப்பைன்ஸின் லூசோன் தீவின் மேற்குக் கரையோரம் போகிறது. சிங்கப்பூர் அதற்கு 16 பாகை மேற்கே இருக்கிறது. ஆகவே அங்கே சராசரி உச்சிப்பொழுது 1 மணி 5 நிமிடம். ஊழியர்கள் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கும் 12 மணிக்கு, சூரியனைக் கேட்டால் முற்பகல் 11 என்றுதான் சொல்லும்.

ஏன் இப்படி வைத்துக்கொண்டார்கள்? ஒரே நாளில் வைத்ததல்ல, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. 1905இல் சிங்கப்பூர் கிரீனிச்சுக்கு 7 மணித்தியாலம் முன்னே என்று தொடங்கியது. அது சூரியனுக்கு மிக நெருக்கம், 5 நிமிடமே வித்தியாசம். 1933இல் மாலை வெளிச்சம் கூடட்டும் என்று 20 நிமிடம் சேர்த்தார்கள். 1941இல் இன்னும் 10 நிமிடம். 1942 பெப்ரவரியில் ஜப்பானியர் தீவைப் பிடித்ததும் தோக்கியோ நேரத்தைத் திணித்தார்கள். ஒரேயடியாக ஒன்றரை மணித்தியாலப் பாய்ச்சல். 1945இல் பழையபடி ஏழரைக்கு இறங்கியது. கடைசியில், 1982 ஜனவரி 1ஆம் திகதி, மலேசியா தன் தீபகற்பத்தையும் போர்னியோ மாநிலங்களான சபா, சரவாக்கையும் ஒரே நேரத்தில் கட்டுவதற்காக எட்டுக்குப் போனது. இரண்டு நாட்டையும் இணைக்கும் பாலத்துக்கு அப்பால் ஒரு நேரம், இப்பால் ஒரு நேரம் என்று வணிகம் செய்ய முடியாது என்பதால் சிங்கப்பூரும் கூடவே போனது. ஹொங்கொங்கும் சீனாவும் அதே எட்டில் இருந்தது அவர்களுக்கு வசதியாகவும் போயிற்று.

எங்கள் பக்கக் கதை இதைவிடக் குழப்பமானது. அதற்குள் பருத்தித்துறை அகப்பட்ட விதம் எழுதி வைக்க வேண்டியது.

போர்க்காலத்தில், 1942இல், இலங்கையும் மணிக்கூட்டை முதலில் அரை மணித்தியாலம், பிறகு இன்னும் அரை மணித்தியாலம் முன்னே தள்ளி, 1945இல் திரும்பக் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே என்ற பழைய நிலைக்கு வந்தது. அதன்பின் ஐம்பது ஆண்டு ஒரு சலனமும் இல்லை. 1996இல் மழை பொய்த்தது. அப்போது நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு நீர்மின். நீர்த்தேக்கங்கள் வற்ற, நீண்ட மின்வெட்டு வந்தது. அரசாங்கம் மே 25ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. கணக்கு இதுதான்: மாலை 6.30க்குப் பொழுதுபடுவதை 7.30 என்று பெயர் மாற்றினால், மக்கள் நித்திரைக்குப் போகும் பத்து மணிவரை விளக்கு எரிவது ஒரு மணித்தியாலம் குறையும்.

பருத்தித்துறைக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? ஊர் இருக்கும் வடமராட்சி அந்த மே மாதத்தில்தான் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்கட்டமைப்பிலிருந்து அறுந்து பல ஆண்டுகள். வீடுகளில் எரிந்தது ஜாம்போத்தல் விளக்கு, எண்ணெய்க்கே தட்டுப்பாடு. மகாவலி நீர்த்தேக்கத்தில் தண்ணீர் மிச்சப்படுத்துவதற்காக, அந்த மின்சாரத்தில் ஒரு துளியும் வராத ஊரின் மணிக்கூட்டு முள்ளும் ஒரு வட்டம் சுற்றியது. ஊரடங்கு எத்தனை மணிக்கு என்பதும் புதிய நேரத்தில்தான்.

வன்னி மாறவில்லை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய ஐந்தரையே தொடர்ந்தது. இப்படி ஒரே தீவில், ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், பழைய நேரம், புதிய நேரம் என்று இரண்டு நேரம். 1996 ஒக்டோபர் 26இல் அரசாங்கம் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் இன்னும் ஒன்பதரை ஆண்டு நிலைத்தது. 2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறந்தபோது, பருத்தித்துறையிலிருந்து கிளிநொச்சிக்குப் போனவர் முகமாலையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார். ஓமந்தையில் வெளியே வரும்போது திரும்ப முன்னே தள்ளினார். காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டவர், நாட்டை விட்டு வெளியேறாமலே இரண்டு தடவை நேரவலயம் கடந்தார். 2006இல், சித்திரைப் புதுவருடம் பிறந்த கையோடு, ஏப்ரல் 15ஆம் திகதி முதல் அரசாங்கமும் பழைய நேரத்துக்கே வந்தது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பான இடம் 1996இன் அந்த ஐந்து மாதம். மணிக்கூடு கிரீனிச்சுக்கு ஆறரை மணித்தியாலம் முன்னே ஓடியபோது பருத்தித்துறையின் உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு வந்தது? 1 மணி 9 நிமிடத்துக்கு. சிங்கப்பூரில் 1 மணி 5 நிமிடம். நாலு நிமிட வித்தியாசம்தான். சிங்கப்பூர் 1982 முதல் வாழ்ந்துவரும் அதே ஏற்பாட்டைத்தான் இலங்கையும் செய்து பார்த்திருக்கிறது. அங்கே நாற்பது ஆண்டுக்கு மேலாக நிற்கிறது. இங்கே ஐந்து மாதத்தில் பாதி உடைந்தது.

காரணத்தைப் பாடசாலை வாசலில் நின்று பார்த்தால் விளங்கும். பருத்தித்துறையில் ஜனவரிக் கடைசியில் சூரியன் உதிப்பது பழைய நேரப்படி 6.31. புதிய நேரம் அதுவரை நீடித்திருந்தால் 7.31. காலை 7.30க்குப் பாடசாலை மணி அடித்தபிறகு சூரியன் எட்டிப் பார்த்திருக்கும். நடந்தும் சைக்கிளிலும் வரும் பிள்ளைகள், வீதிவிளக்கு இல்லாத ஒழுங்கைகள், சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி. தெற்கிலும் பெற்றோர் இருட்டைத்தான் முறையிட்டார்கள். சிங்கப்பூரிலும் பாடசாலைகள் 7.30 மணியளவில்தான் தொடங்குகின்றன, அங்கேயும் பிள்ளைகள் இருட்டில்தான் பஸ் ஏறுகிறார்கள். சூரியன் அங்கே ஆண்டு முழுவதும் 6.46க்கும் 7.16க்கும் இடையில்தான் உதிக்கும். ஆனால் அந்த இருட்டில் வீதி முழுக்க விளக்கு, வாசலுக்கு வரும் பஸ், காவல் நிற்கும் அடுக்குமாடி. இருட்டை விலைகொடுத்து வாங்கக்கூடிய ஊர் அது.

இன்னொரு காரணம், ஊரின் நாள் எதில் தொங்குகிறது என்பது. பருத்தித்துறையில் அது இன்னும் பெரும்பாலும் வெளிச்சத்திலும் காற்றிலும் தொங்குகிறது. பின்னேரம் இறங்கி இரவில் வலைபோட்ட வள்ளங்கள் விடியப்புறம் கரைக்கு வரும். நிலம் வெளிக்கும்போதே கரையில் ஏலம் கூறுகிறார்கள். சூடையும் பாரையும் விளைமீனும் வெயில் ஏறுமுன் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். பனிக்கட்டி வந்த பின்னரும் அந்த அவசரம் குறையவில்லை. சோழகம் வீசும் மாதங்களில் ஒரு ஒழுங்கு, வாடை தொடங்கி வடகடல் கொந்தளிக்கும் மாதங்களில் வேறு ஒழுங்கு. பனையேறுபவர் காலையிலும் மாலையிலும் வெளிச்சத்தைப் பார்த்தே ஏறுகிறார். யாழ்ப்பாணத்துக்குப் போகும் 750 பஸ்ஸில் வேலைக்கும் வகுப்புக்கும் போகும் கூட்டம் வெள்ளனவே ஏறிவிடுகிறது. மத்தியான வெயிலில் கடைத்தெரு சோம்பிப்போகும். பின்னேரம் திரும்ப உயிர்க்கும். வடை சுடும் வாசம் வரும். செக்கல் கழிந்து கொஞ்ச நேரத்தில் ஊர் அடங்கிவிடும். ஒன்பது மணிக்குப் பின் முனைப் பக்கம் கடற்காற்றும் கலங்கரை விளக்கமும்தான் விழித்திருக்கும். போர் முடிந்து இத்தனை ஆண்டான பின்னும் இரவில் ஊர் இவ்வளவு வேகமாக வீட்டுக்குள் போவதில் ஊரடங்குக் காலத்துப் பழக்கமும் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

சிங்கப்பூரின் நாள் பின்னுக்குத் தள்ளி விரிந்தது. காலை ஏழு மணிக்குப் பொழுது விடிகிறது. அதற்கு முன்பே ரயில் ஓடத் தொடங்கிவிடும், கோப்பிக்கடை திறந்துவிடும். ஆனால் பெரிய கடைத்தொகுதிகள் பத்து, பத்தரைக்குத்தான் கதவு திறக்கும். மாலை ஏழு மணிக்கு இன்னும் வெளிச்சம். அலுவலகம் விட்டு வந்தவர் பூங்காவில் ஓட, பிள்ளை பந்தடிக்க, அந்த ஒரு மணித்தியாலம் மீதமாகிறது. உச்சிவெயில் ஒன்றரை மணிவரை இழுபடுவதால் பகல் இரண்டு மணி எங்களூர் ஒரு மணிபோலச் சுடும். சிராங்கூன் சாலைப் பக்கம் இரவு பத்துக்கும் கூட்டம் குறையாது. நாற்பது ஆண்டுக்கு முன் ஒரு சட்டம் தள்ளிவைத்த மணிக்கூட்டுக்கு ஏற்ப ஊரே தன் பழக்கத்தைத் தள்ளிவைத்துக்கொண்டது. கடலை நம்பி எழும்ப வேண்டியவர் அங்கே அதிகம் இல்லை.

பகல் நீளத்திலும் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் உண்டு. சிங்கப்பூர் பூமத்திய ரேகையை ஒட்டியிருப்பதால் பகல் ஆண்டு முழுவதும் 12 மணித்தியாலமும் சில நிமிடங்களும்தான். பருத்தித்துறை இலங்கையின் வடமுனை. ஜூன் கடைசியில் பகல் 12 மணித்தியாலம் 42 நிமிடம், டிசம்பர் கடைசியில் 11 மணித்தியாலம் 33 நிமிடம். மார்கழியில் திருவெம்பாவைக்கு எழும்புகிறவர்கள் இந்த வித்தியாசத்தை உடம்பால் அறிவார்கள்.

இந்த இரண்டு ஊருக்கும் இடையிலான உறவு புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். பருத்தித்துறையிலோ 1838இல் வெஸ்லியன் மிஷன் தொடங்கிய பாடசாலை, பின்னாளின் ஹாட்லிக் கல்லூரி, இருந்தது. போனவர்களில் பலர் லிகிதர்களாகவும் ரயில் நிலைய அதிபர்களாகவும் வேலை பார்த்து, ‘மலாயன் பென்சனியர்’ என்ற பட்டத்தோடு ஊர் திரும்பினார்கள். சிங்கப்பூரின் சிலோன் ரோட்டில் இலங்கைத் தமிழர் வளர்த்த செண்பக விநாயகர் கோயில் இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் கடிதம் போய்ச்சேர வாரங்கள் எடுத்ததால் மணி வித்தியாசம் யாருக்கும் ஒரு பொருட்டில்லை. இன்று காணொளி அழைப்பில் இங்கே பொழுது புலர அங்கே அலுவலக மேசை தெரிகிறது. பேசுவதற்கு நல்ல நேரம் எங்களூர்ப் பின்னேரம் ஐந்தரை முதல் ஏழரை வரை. அங்கே எட்டு முதல் பத்து. அதற்குப் பிந்தினால் “பெரியம்மா, நாளைக்கு எடுக்கிறன், இஞ்ச சாமமாப் போச்சு” என்ற பதில்தான் கிடைக்கும்.

தமிழ் வீட்டுக் காரியங்களில் இந்த 56 நிமிடம் உண்மையாகவே இடறுகிற இடங்கள் உண்டு. இராகு காலத்தை எடுத்துக்கொள்வோம். பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கை விலக்குவது அதன் முறை. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று நாட்காட்டியில் இருப்பது சூரியன் ஆறு மணிக்கு உதிக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. பருத்தித்துறைக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். சிங்கப்பூரில் சூரியன் ஏழு மணிக்கு உதிப்பதால் அதே இராகு காலம் எட்டரை முதல் பத்துவரை. ஊரிலிருந்து கொண்டுபோன நாட்காட்டியைச் சுவரில் மாட்டி, ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குப் புதுவீட்டுப் பால் காய்ச்சுகிறவர், கணக்குப்படி இராகு காலத்தின் நடுவிலேயே காய்ச்சுகிறார். நம்பிக்கை இல்லாதவருக்கு இது வேடிக்கை. நம்புகிறவர் உள்ளூர் உதயத்திலிருந்து எண்ண வேண்டும்.

சித்திரைப் புதுவருடம் வேறு வகை. சூரியன் மேடத்தில் புகுவது ஒரு கணம். உலகம் முழுவதற்கும் அதே கணம். ஆகவே யாழ்ப்பாணப் பஞ்சாங்கம் தரும் நேரத்தோடு சிங்கப்பூரார் இரண்டரை மணித்தியாலத்தை அப்படியே கூட்டினால் சரி. வருடம் இங்கே இரவு பத்து மணிக்குப் பிறந்தால் அங்கே நள்ளிரவு தாண்டி அடுத்த திகதி. மருத்துநீர் வைக்கும் கணம் ஒன்றுதான், சுவரில் கிழிக்கும் தாள்தான் வேறு. உதயத்திலிருந்து எண்ணும் காரியத்துக்கு உள்ளூர்ச் சூரியன், வானத்தில் ஒருமுறை நடக்கும் காரியத்துக்கு மணிக்கூட்டு வித்தியாசம்: இந்தப் பிரிவு விளங்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

மிச்சப் பாதி சாதகத்தில் இருக்கிறது. 1996 மே 25க்கும் 2006 ஏப்ரல் 14க்கும் இடையில் இலங்கையில் பிறந்தவர்கள் இப்போது கலியாண வயதில் இருக்கிறார்கள். அவர்களின் குறிப்புகள் பொருத்தம் பார்க்க வருகின்றன. 1998இல் மந்திகை ஆஸ்பத்திரியில் காலை 6.10க்குப் பிறந்ததாக எழுதியிருந்தால் அது அரசாங்க நேரம். பழைய கணக்கில் 5.40. இலக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறுவதால், அரை மணித்தியாலப் பிழை நாலில் ஒருவருக்கு இலக்கினத்தையே மாற்றிவிடும். 1996இன் அந்த ஐந்து மாதத்தில் பிறந்தவருக்குப் பிழை ஒரு முழு மணித்தியாலம். வன்னியில் பிறந்தவருக்கு வீட்டார் குறித்து வைத்தது பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டே ஆக வேண்டும். சிங்கப்பூரில் பிறந்த மாப்பிள்ளையின் குறிப்பென்றால், பிறந்த ஊர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 1982க்கு முன் பிறந்த அவருடைய தகப்பனின் குறிப்பும் தேவைப்பட்டால் அங்கே எட்டு அல்ல, ஏழரை. கணினிச் செயலிகளில் நல்லவை இந்த மாற்றங்களையெல்லாம் தானாகவே கழித்துக்கொள்ளும். இன்றைய ஐந்தரையை மட்டும் அறிந்தவை கழிக்காது. எதில் கணித்தாலும் குறிப்புத் தாளில் நேரத்துக்குப் பக்கத்தில் ஊரையும், அந்தப் பத்தாண்டில் பிறந்தவராக இருந்தால் ‘பழைய நேரம்’ அல்லது ‘புதிய நேரம்’ என்பதையும் எழுதிக் கொடுங்கள்.